தறிக்கூடமும் ஏவுதளமும்: புத்தாக்கப் பணியிடப் பண்பாடு குறித்த ஒரு வரலாற்று ஒப்பீடு (1947 – 1994)

ஆய்வுச் சுருக்கம்

புத்தாக்கம் நிகழும் பணியிடங்களைத் தலைவர்களின் தனிப்பண்பு கொண்டு விளக்குவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை சாராபாய் குடும்பத்தோடு தொடர்புடைய இரு பணியிடங்களை ஒப்பிடுகிறது. ஒன்று அகமதாபாத் கேலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடம். மற்றொன்று தும்பா ராக்கெட் ஏவுதளமும் அதிலிருந்து வளர்ந்த நிறுவனமும். பிழையை மறைக்காமல் சொல்லவும், சொன்னதைக் கேட்டு மாற்றவும் இடமளிக்கும் ஏற்பாடுகளே இத்தகைய பண்பாட்டின் உள்ளீடு என்றும், அவ்வேற்பாடுகளைப் பேணாதவிடத்து அப்பண்பாடு கரைந்துபோகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: புத்தாக்கம், பணியிடப் பண்பாடு, அட்டிரா, கேலிகோ ஆலை, தும்பா, எஸ்.எல்.வி-3, தோல்வி ஆய்வு

முன்னுரை

'புத்தாக்கம்' என்னும் சொல் இன்று தமிழகக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் அன்றாடம் காணப்படுகிறது. புத்தாக்க மன்றங்கள் அமைக்கப்படுகின்றன, சுற்றறிக்கைகள் வருகின்றன, கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன. இவற்றில் பேசப்படுவன பெரும்பாலும் தனிமனிதப் பண்புகளே. துணிவு, தொலைநோக்கு, விடாமுயற்சி ஆகியன பட்டியலிடப்பட்டு, சான்றாக ஏதேனும் ஓர் அறிவியலாளரின் வாழ்க்கை நிகழ்ச்சி எடுத்துரைக்கப்படும். இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்க காலம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. மிதிவண்டியில் கொண்டுசெல்லப்பட்ட ராக்கெட் பாகத்தின் ஒளிப்படத்தைக் காணாத மாணவர் அரியர்.

அப்படம் பொய்யன்று. ஆனால் அது வறுமையைக் காட்டுகிறதேயன்றிப் பணிமுறையைக் காட்டவில்லை. வசதியின்மை புத்தாக்கத்தைத் தரும் எனின், நம் நாட்டில் எத்தனையோ கூடங்களில் அது பொங்கி வழிந்திருக்க வேண்டும். அக்கூடத்தில் யார் யாரிடம் எதைச் சொல்ல முடிந்தது, பிழை நேர்ந்தபோது என்ன செய்யப்பட்டது, ஒரு தலைவர் மறைந்த பின்னும் எது எஞ்சியது என்பனவே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள். இவற்றுக்கு விடை தேடத் தும்பாவிலிருந்து தொடங்குவதைவிட, அதற்குப் பத்தாண்டுகள் முன்னர் அகமதாபாத்தின் ஒரு நெசவாலையில் நிகழ்ந்ததிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். இரண்டையும் காரணகாரியச் சங்கிலியால் பிணைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே ஊரின், ஒரே குடும்பத்தின் சூழலில் எழுந்த இரு முயற்சிகள் என்ற அளவில் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

1918இன் நிழல்

அகமதாபாத் ஆலைகளின் தொழில் உறவு வரலாறு 1918ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தோடு பின்னிக் கிடப்பது. கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கப்பட்ட ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டதையொட்டித் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரினர், 35 விழுக்காடு என்ற கோரிக்கையில் காந்தியடிகள் அவர்களோடு நின்றார், உண்ணாநோன்பும் இருந்தார். ஆலை முதலாளிகளின் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். ஒரே வீட்டின் இரு மருங்கும் ஒரு வழக்கின் இரு மருங்குமாக அமைந்த இந்நிகழ்ச்சியை உளவியலார் எரிக் எரிக்சன் பின்னாளில் நூலாகவே எழுதினார். வழக்கு நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டது. 1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் உருவானது.

இந்நிகழ்ச்சியை ஈண்டுக் குறிப்பிடக் காரணம் உண்டு. பூசல் எழும்போது பேசித் தீர்க்க ஓர் அவை வேண்டும் என்ற எண்ணம் அந்நகரின் தொழில் வாழ்வில் இதனால் வேரூன்றியது. அம்பாலாலின் மக்களான கௌதம், விக்ரம் ஆகியோர் வளர்ந்தது இச்சூழலில்தான்.

அட்டிரா

விக்ரம் சாராபாய் 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும், போர்க்காலத்தில் பெங்களூரில் சர் சி.வி. இராமனின் கீழும் ஆய்வு செய்து, 1947இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவ்வாண்டிலேயே இரு நிறுவனங்களின் தொடக்கத்தில் அவர் பெயர் இடம்பெறுகிறது. ஒன்று இயற்பியல் ஆய்வுக்கூடம். மற்றொன்று அகமதாபாத் நெசவுத்தொழில் ஆய்வுச் சங்கம். அதன் ஆங்கில முதலெழுத்துகளால் 'அட்டிரா' எனப்படுவது. கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய ஆலை அதிபர்களின் துணையோடு எழுந்த இச்சங்கத்தை 1956 வரை இயக்கியவர் நெசவுத்தொழில் கல்லாத, அண்டக்கதிர் ஆய்வாளரான சாராபாய் என்பது கவனிக்கத்தக்கது. அவர் சேர்த்துக்கொண்டவர்களிலும் ஆலை அனுபவம் இல்லாத இளைஞர்களே மிகுதி.

ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு முறை ஆலைக்குள் தானாக நுழைந்துவிடுவதில்லை. மேஸ்திரியின் அதிகாரம், ஆட்குறைப்பு அச்சம், பல்லாண்டுப் பழக்கம் ஆகியன வாயிலில் நிற்கின்றன. ஆகவேதான் பஞ்சையும் நூலையும் ஆராய எழுந்த அந்நிறுவனத்தில் மனித உறவுகளை ஆராய ஒரு பிரிவும் இருந்தது. உளவியலாளர் கமலா சௌத்ரி அப்பிரிவை நடத்தினார். பின்னர் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் தொடக்க காலப் பேராசிரியருள் ஒருவராகவும் விளங்கினார். பொறியின் சிக்கலையும் பொறியை இயக்கும் மனிதரின் சிக்கலையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது அன்றைய இந்தியாவில் புதுமையானது. விண்வெளித் திட்ட வரலாறுகள் அட்டிராவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது, என் கருத்தில், பெருங்குறை.

தானியங்கித் தறிக்கூடம், 1953

சாராபாய் குடும்பத்தின் கேலிகோ ஆலைக்கு அப்போது தலைவர் கௌதம் சாராபாய். அவர் இலண்டனிலுள்ள தாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் என்பவரை அழைத்தார். அந்நிறுவனத்தார் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்து, புதிய பொறிகள் பழைய பணிக்குழுக்களைச் சிதைத்ததால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என 1951இல் எழுதியிருந்தனர். 1953இல் ரைஸ் அகமதாபாத் வந்தபோது அதே சிக்கல் வேறு உருவில் அவரை எதிர்கொண்டது. தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டிருந்தன. உற்பத்தியோ எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. குறைபட்ட துணியின் அளவும் மிகுதி.

அக்கூடத்தில் 224 தறிகள், 29 பணியாளர், பணிவகைகள் 12. நெய்வோர், ஊடைநூல் தார்களை நிரப்புவோர், அறுந்த பாவிழைகளைச் சீர்செய்வோர், மேஸ்திரி, எண்ணெயிடுவோர், துப்புரவு செய்வோர் எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பணிக்கும் நேரத்தை அளந்து தறிக்கணக்கு வகுத்திருந்தனர். நெய்பவருக்கு 24 அல்லது 32 தறிகள், மேஸ்திரிக்கு 112. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு நெய்பவரின் தறிகளுக்குத் தார் நிரப்புபவர் வேறு நெய்பவரின் தறிகளுக்கும் கடமைப்பட்டவர். இழை சீர்செய்பவரோ இன்னும் பலருக்கு. ஆகவே யாரும் யாரோடும் ஒரு குழுவாக நிற்க இயலவில்லை. தறி நின்றால் அது எவருடைய தறி என்ற வினாவுக்கே விடையில்லை. குறையைக் கண்டவர் அதை யாரிடம் சொல்வது? சொன்னால் பழி யார்மேல் விழும்?

இதற்கு மாற்றாக, ஏறத்தாழ 60 தறிகளுக்கு 7 பேர் கொண்ட குழு ஒன்று முழுப்பொறுப்பு ஏற்பது என்னும் எண்ணம் மேலாளரோடும் மேற்பார்வையாளரோடும் நிகழ்ந்த உரையாடலில் எழுந்தது. பணித்தரங்களும் குறைக்கப்பட்டன. அதன்பின் நிகழ்ந்ததே ரைஸ் எழுதிய நூலின் உயிரான பகுதி. மேலாளர்கள் திட்டத்தின் நுணுக்கங்களை வகுத்துக்கொண்டிருக்கையில், தொழிலாளர் அவ்வெண்ணத்தைத் தமதாக்கிக்கொண்டு, யார் யாரோடு பணிபுரிவது என்பதைத் தமக்குள் பேசிக் குழுப்பட்டியல்களோடு வந்து நின்றனர். மேலிருந்து ஒருவரையும் நியமிக்க வேண்டியிருக்கவில்லை. தொடக்க நாள்களின் தடுமாற்றங்களுக்குப் பின் உற்பத்தி உயர்ந்தது. குறைபட்ட துணி குறைந்தது. 1958இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு, பணியமைப்பு பற்றிய உலக இலக்கியத்தில் 'அகமதாபாத் சோதனை' என்றே வழங்குகிறது.

இதனை முதலாளியின் பெருந்தன்மைக் கதையாகப் படிப்பது எளிது. தொழிலாளர் விடுதலைக் கதையாகப் படிப்பதும் எளிது. இரண்டும் முழுமையல்ல. தானியங்கித் தறி என்றாலே ஆட்குறைப்பு என்று பொருள் கொள்ளப்பட்ட காலம் அது. சீரமைப்பை எதிர்த்துக் கான்பூர் ஆலைத் தொழிலாளர் 1955இல் நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். குழுமுறையோடு ஊதிய ஏற்பாடும் மாறியதால், உயர்வுக்குக் காரணம் குழுவா கூலியா என்று பின்வந்தோர் ஐயுற்றதும் நியாயமே. என் நோக்கில் இவ்விரண்டையும் பிரிக்க முயல்வதே பயனற்றது. தான் சொல்லும் யோசனையால் தன் வேலையோ அண்டையில் நிற்பவரின் வேலையோ போகாது என்ற உறுதியில்லாத இடத்தில் யார் வாய் திறப்பார்?

பள்ளித்துறையும் தும்பாவும்

1962இல் அணுசக்தித் துறையின்கீழ் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு சாராபாய் தலைமையில் அமைந்தது. புவிக்காந்த நடுக்கோட்டின் அருகில் இருந்தமையால் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளித்துறை என்னும் மீனவர் ஊரும், அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயமும் அந்நிலப்பரப்பில் அடங்கின. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா மக்களிடம் பேசி இசைவு பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆலயம் அலுவலகமாயிற்று, இன்று அருங்காட்சியகம். இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களின் தரப்பு அவ்வளவாக எழுதப்படவில்லை. ஒரு புத்தாக்கப் பணியிடம் பிறர் விட்டுக்கொடுத்த நிலத்தின்மேல் நிற்கிறது என்பதையாவது குறித்துச் செல்ல வேண்டும்.

1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி வகை ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. பாரந்தூக்கியின் நீர்ம அழுத்த அமைப்பில் கசிவு ஏற்பட, ராக்கெட்டைக் கைகளால் தூக்கி ஏவுமேடையில் நிறுத்தினர் என அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். இந்தியாவிலேயே உருவான முதல் ராக்கெட் நான்காண்டுகள் கழித்து 1967 நவம்பர் 20இல் பறந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர் மட்டுமே. கேலி செய்ய விரும்பியோர்க்கு அது தீபாவளி வாணம் போலத் தோன்றியிருக்கும். ஆனால் அச்சிறு குழாயில் தோற்பதற்கு ஆகும் செலவும் சிறிது. உந்துபொருள் கலவை, உறை, பற்றவைப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் இளைஞர்கள் பலமுறை தவறிப் பலமுறை திருத்த அது இடம் கொடுத்தது. பெரிய திட்டம் ஒன்றோடு தொடங்கியிருந்தால் இவ்வாய்ப்பு கிட்டியிராது.

சாராபாயின் நிருவாகம் பெரும்பாலும் நேர்ப்பேச்சில் அமைந்தது. அகமதாபாத்திலிருந்து வந்துசெல்வார், இளம் பொறியாளரிடம் நேரடியாகப் பொறுப்பை ஒப்படைப்பார். துணைக்கோள் ஏவுகலம் ஒன்றை எண்ணியபோது அதன் நான்கு கட்டங்களின் வடிவமைப்பையும் வி.ஆர். கோவாரிக்கர், எம்.ஆர். குருப், ஏ.இ. முத்துநாயகம், அப்துல் கலாம் ஆகிய நால்வரிடம் பிரித்து அளித்தார் எனக் கலாம் குறிப்பிடுகிறார். பட்டறிவு குறைந்தோரை நம்பிப் பெரும்பணி தருவது அட்டிராவில் அவர் கையாண்ட முறையின் தொடர்ச்சியே. தறிக்கூடத்தின் ஏழுவர் குழுவைப் போன்று இங்கும் ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென ஒரு முழுமையான பணி கிடைத்தது.

இம்முறைக்கு ஒரு பலவீனமும் இருந்தது. எல்லா இழைகளும் ஒருவர் கையில் முடிந்தன. 1966 சனவரியில் ஹோமி பாபா மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாய் மேல் விழுந்தது. 1969 ஆகஸ்டு 15இல் இஸ்ரோ தோன்றியது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் அவர் மறைந்தபோது வயது 52. தும்பாவைச் சுற்றி ஏவுதளம், ஆய்வு மையம், உந்துபொருள் ஆலை, புனைவுக்கூடம் எனத் தனித்தனி அலகுகள். அவற்றை இணைத்தது பெரிதும் அவருடைய சொல். அச்சொல் நின்றுபோயிற்று.

நம்பிக்கையிலிருந்து நடைமுறைக்கு

1972இல் பொறுப்பேற்ற சதீஷ் தவான், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவியையும் தொடர்ந்தார். இதனைத் தனிமனிதர் விருப்பம் என்று கருதிக் கடந்துவிடுவோர் உண்டு. அதன் விளைவோ பெரிது. விண்வெளித் திட்டத்தின் வடிவமைப்புகளை, அத்திட்டத்தில் ஊதியம் பெறாத பேராசிரியர்களும் பிற ஆய்வுக்கூட வல்லுநர்களும் சோதித்து வினவும் வழக்கம் நிலைபெற்றது. தும்பாவின் அலகுகள் ஒன்றாக்கப்பட்டு விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஆயின. அதன் முதல் இயக்குநர் உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ். திட்ட இயக்குநர் ஒருபுறம், துறைசார் குழுக்கள் மறுபுறம் என அமைந்து, இடையில் எழும் பிணக்குகள் ஆய்வுக் கூட்டங்களில் தீர்க்கப்பட்டன.

இக்கூட்டங்களின் தன்மையை விளங்கிக்கொள்வது முதன்மையானது. வடிவமைத்தவர் தம் பணியை முன்வைக்க, அதோடு தொடர்பில்லாத ஒருவர் குறை காண்பார். குறை காண்பதே அவர் கடமை. ஆகவே அது பகையாகாது. குறை எழுத்தில் பதியப்படும்; பதிந்த குறைக்கு மறுமொழி தரப்படும் வரை அது மூடப்படாது. இளையவர் மூத்தவரிடம் வினவுவதற்குத் தனித் துணிவு வேண்டியதில்லை. அவர் வகிக்கும் இடமே வினவச் செய்யும். நம் பல்கலைக்கழகத் துறைகளில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இத்தகையதாக இருக்க வேண்டியது. அது பெரும்பாலும் பொன்னாடையில் முடிவதை நாம் அறிவோம்.

சாராபாய் நம்பினார், தவான் நடைமுறைப்படுத்தினார் என்று இருவரையும் எதிர்நிறுத்துவதும் பிழையே. முன்னவர் தந்த தன்னுரிமை இல்லையேல் பின்னவரின் கூட்டங்களில் விவாதிக்க ஒன்றும் இருந்திராது. ஆனால் பின்னவரின் ஏற்பாடு இல்லையேல், முன்னவர் வளர்த்த இளைஞர்கள் ஆளுக்கொரு திசையில் சென்றிருக்கவும் கூடும்.

10 ஆகஸ்டு 1979

எஸ்.எல்.வி-3 நான்கு கட்டங்களும் திண்ம உந்துபொருளால் இயங்குவது. உயரம் 22 மீட்டர். எடை 17 டன். 40 கிலோ அளவிலான துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடுவதே இலக்கு. திட்ட இயக்குநர் கலாம். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அது 317 வினாடிகளில் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று செய்தியாளரை எதிர்கொண்டு பொறுப்பைத் தாமே ஏற்றவர் தவான் என்றும், 1980 சூலை 18இல் ரோகிணி துணைக்கோள் சுற்றுப்பாதையை எட்டியபோது செய்தியாளர் கூட்டத்தைக் கலாமிடமே விட்டார் என்றும் கலாம் பிற்காலச் சொற்பொழிவுகளில் பன்முறை கூறினார். தலைமைப்பண்பு பற்றிய பாடங்கள் யாவற்றிலும் இன்று இது இடம்பெறுகிறது.

அதே கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ள மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீழ்ச்சியின் மறுநாள் எழுபதுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட ஆய்வுக் கூட்டம் நடைபெற்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தமையே காரணம் எனத் தொழில்நுட்ப முறையில் விளக்கப்பட்டது. வால்வு ஒன்று மூடாமல் நின்றதால், அவ்வமைப்புக்குத் தேவையான நைட்ரிக் அமிலம் ஏவுதலுக்கு முன்னரே கசிந்து தீர்ந்திருந்தது. அக்கசிவு இறங்குமுக எண்ணிக்கையின்போதே கண்ணில் பட்டது. பொருட்படுத்தத்தக்கதன்று எனக் கணித்தவர் தாமே என்று கலாம் அவையில் எழுந்து ஏற்றுக்கொள்கிறார்.

முதற்கதை தலைவர் ஒருவரின் பெருமையைச் சொல்வது. இரண்டாவது கதை ஓர் அவையின் இயல்பைச் சொல்வது. திட்ட இயக்குநர் ஒருவர் தம் கணிப்புப் பிழையை எழுபது பேர் முன்னிலையில் கூற முடிந்தது. அதன் விளைவாக அவர் நீக்கப்படவில்லை. அடுத்த ஏவுதலையும் அவரே நடத்தினார். செய்தியாளர் முன் தவான் தாங்கிய கேடயம், உள்ளே நிகழ்ந்த இவ்வெளிப்படைத்தன்மைக்கு வாசலாக நின்றது. வெளியே காக்கப்பட்டதால் உள்ளே உண்மை பேச முடிந்தது. உள்ளே உண்மை பேசப்பட்டதால் பதினோரு மாதங்களில் பழுது களையப்பட்டது. வாசற்காவலை மட்டும் போற்றி, அவைக்குள் நடந்ததை மறப்பது நம் எடுத்துரைப்பு மரபின் பழக்கம்.

அமிலம்

அதே நைட்ரிக் அமிலம் முன்னரும் ஒருமுறை கதையில் வருகிறது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பின் தரைச் சோதனையில் கலன் வெடித்து, குழுவினர் ஆறு பேர் மேல் அமிலம் சிதறியது. மருத்துவமனையில் வேதனையோடு கிடந்த நிலையிலும் பொறியாளர் ஒருவர் விபத்து நிகழ்ந்த முறையை விளக்கியதையும் வருந்தியதையும் கலாம் நெகிழ்ச்சியோடு பதிவு செய்கிறார். அர்ப்பணிப்பின் சான்றாக அதனைக் காட்டுகிறார்.

அவருடைய நெகிழ்ச்சியை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் காயமுற்றவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியவராகத் தம்மைக் கருதியது ஏன் என்று ஆய்வாளர் கேட்டாக வேண்டும். அமிலக் கலனுக்கு அருகே ஆறு பேர் ஏன் நின்றனர் என்பதும் ஒரு பணியிடப் பண்பாட்டு வினாவே. ஈகத்தைப் போற்றும் நடை, பாதுகாப்பு ஏற்பாட்டின் போதாமையை மறைத்துவிடுகிறது. தன்வரலாறுகளைச் சான்றாகக் கொள்வோர் இவ்விடங்களில் ஆசிரியரின் உணர்ச்சியோடு சேர்ந்து ஓடாமல் சற்று நிற்பது நல்லது.

மில்லர் மீண்டும் சென்றபோது

கேலிகோவின் குழுக்கள் என்னாயின? தாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் 1970 வரையிலான நிலையை ஆராய்ந்து 1975இல் கட்டுரை வெளியிட்டார். தறிக்கூடம் ஒன்றில் குழுமுறை பெரிதும் சிதையாமல் நிலைத்திருந்தது. பிறவற்றில் பெயரளவில் குழு இருந்தும், பணி பழையபடி ஆளாளுக்கான பணியாகத் திரும்பியிருந்தது. தொழிலாளர் மனம் மாறியது இதற்குக் காரணமன்று. சந்தை பலவகைத் துணிகளைக் கேட்டது. தறிகளில் நெய்யும் வகையை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று. குழு தன் வரம்புக்குள் சமாளிக்கக்கூடிய அளவை இடையூறுகள் மீறின. அவ்வேளையில் வெளியழுத்தத்தைத் தாங்கிக் குழுவுக்குரிய சூழலைக் காத்துத் தர வேண்டிய மேற்பார்வை நிலை அதனைச் செய்யவில்லை. மாறாக, உள்ளே புகுந்து ஒவ்வொருவருக்கும் கட்டளையிடத் தொடங்கியது.

இக்கண்டறிவு ரைஸின் வெற்றிக்கதையைவிட மதிப்பு மிக்கது என்பது என் துணிபு. ஒரே ஆலை, ஒரே நிருவாகம், ஒரே சங்கம். ஆயினும் ஒரு கூடத்தில் நிலைத்தது, அடுத்த கூடத்தில் நிலைக்கவில்லை. 'நிறுவனப் பண்பாடு' என ஒருமையில் பேசும் மேலாண்மை நூல்களுக்கு இது இடர் தருவது. பண்பாடு நிறுவனத்துக்கு உரியதாக இல்லை; கூடத்துக்குக் கூடம் பேணப்பட வேண்டியதாக இருந்தது.

விண்வெளித் திட்டத்திலும் இச்சோதனை வந்தது. எஸ்.எல்.வி-3இன் அடுத்த வடிவமான ஏ.எஸ்.எல்.வி 1987 மார்ச் 24இல் தோற்றது. 1988 சூலை 13இல் மீண்டும் தோற்றது. தவான் ஓய்வுபெற்றுவிட்டார், தலைவர் யு.ஆர். ராவ். இதழ்களின் ஏளனம், பெருகிய செலவு, அடுத்த பெரிய ஏவுகலத்தின் காலக்கெடு ஆகியன ஒருங்கே அழுத்தின. ஆலையில் சந்தை அழுத்தியதைப் போன்றது இது. முதல் தோல்விக்குப் பின் கண்ட காரணம் சரிசெய்யப்பட்டும் இரண்டாவது தோல்வி நேர்ந்தது. ஆய்வுக் குழுக்கள் அழுத்தத்துக்கு வளைந்து விரைவில் விடை தந்திருக்கலாம். அல்லது எவர்மேலேனும் பழி சுமத்தியிருக்கலாம். நிறுவனம் வெளி வல்லுநர்களை மீண்டும் அழைத்தது. பக்க உந்திகள் எரிந்து முடியும் தறுவாயில் முதற்கட்டம் பற்றும் இடைவெளியில் ஏவுகலத்தின் நிலைப்பு காக்கப்படாமையை அடியோடு ஆராய்ந்தது. ஏறத்தாழ நான்காண்டுகள் காத்திருந்து 1992 மே 20இல் ஏவியது. பி.எஸ்.எல்.வி.யின் முதற்பயணம் 1993 செப்டம்பர் 20இல் தோற்றது. மென்பொருட் பிழையும் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. 1994 அக்டோபர் 15இல் அடுத்தது வென்றது. இருபதாண்டுகளுக்கு முன் வகுத்த கூட்ட முறை, அதை வகுத்தவர் இல்லாமலும் இயங்கியது.

அடுத்த மாதமே அதன் எல்லையும் தெரிந்தது. 1994 நவம்பர் 30 அன்று, திரவ உந்துபொருள் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். வழக்கு பொய்யென மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிக்கை தந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ராக்கெட்டின் தோல்வியை ஆராய நிறுவனத்துக்குள் முறை இருந்தது. வெளியிலிருந்து தம்முள் ஒருவர்மேல் விழுந்த பழியை எதிர்கொள்ள அத்தகைய முறை எதுவும் இருக்கவில்லை.

தமிழில் மேற்கொள்ளத்தக்க ஆய்வுகள்

ஆர். அரவமுதனின் 2017ஆம் ஆண்டு நினைவுநூல் முதலாகத் தும்பாத் தலைமுறையினர் எழுதியவை இன்று கிடைக்கின்றன. இவ்வரலாற்றில் தமிழகத்தாரின் பங்கு பெரிது. அரவமுதனும் கலாமும் குரோம்பேட்டையின் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவர்கள். இந்நூல்களைச் சாதனை வரலாறுகளாக மட்டும் அன்றி, கூட்டங்கள், கடிதங்கள், தவறுகள் ஆகியவற்றின் பதிவுகளாகவும் படித்தல் வேண்டும். மகேந்திரகிரியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களின் வாய்மொழி வரலாறு இன்னும் விரிவாகத் திரட்டப்பட வேண்டியது.

நெசவாலைப் பக்கமும் அவ்வாறே. அட்டிராவை ஒத்த தென்னிந்திய நெசவுத்தொழில் ஆய்வுச் சங்கம் கோவையில் 1956இல் தொடங்கப்பட்டது. கோவை ஆலைகளின் வேலைநிறுத்தங்கள் குறித்து எழுதியுள்ளோம். சங்கங்கள் குறித்து எழுதியுள்ளோம். புதிய பொறி ஒன்று கூடத்துக்குள் வந்த நாளில் மேஸ்திரியும் தொழிலாளியும் அதை எப்படி எதிர்கொண்டனர், பழுதை முதலில் கண்டவர் யாரிடம் சொன்னார், சொன்னதற்கு என்ன நேர்ந்தது என்று அவர்களிடமே கேட்டறிய வேண்டும். அவ்வாலைகளில் பணிபுரிந்தோர் பலர் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இன்றும் முதுமையில் வாழ்கின்றனர்.